ஆளைக் கூட்டிவராமல் வந்த மனைவி: மேலூர்ப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் முதலில் சிகிச்சைக்கு வந்தவர் குடித்தவர் இல்லை, அவருடைய மனைவி. தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று தன் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவு வரிசையில் நின்றார். மருத்துவர் நாலு கேள்வி கேட்டதுமே விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, என்னிடம் அனுப்பிவிட்டார். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநர்; குடிநோய்க்கு வருகிறவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பாதி. அந்த அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அவரைக் கூட்டிட்டு வர முடியாது சார். வராம என்ன பிரயோஜனம்னு எனக்கே தெரியல" என்றார்.

இதற்கு முன் போன இடங்களில் "ஆளைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சொல்வதற்கு எளிதான வாக்கியம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள், மனைவியோடும் அம்மாவோடும். ஆள் வந்தால்தான் வேலை தொடங்கும் என்றால் அந்த 37 வீட்டுக்கும் நம்மிடம் சொல்ல எதுவும் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆள் வராமலே தொடங்கிய வேலை இது, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர் அடையாளத்தையும் சில உறவு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். தொழிலை மாற்றவில்லை, மாற்றினால் பாதி விஷயம் புரியாது. கொத்தனார் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

கை நடுக்கமும் மாலையும்

வயது நாற்பதை ஒட்டி. ஊர் மேலூர்ப் பக்கம், வேலை பெரும்பாலும் ஒத்தக்கடை, புதூர் என்று மதுரையை ஒட்டி. பூச்சு வேலையில் பெயர் வாங்கியவர்; இவர் பூசிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் சொல்வார்களாம். இருபது வயதில் கையாளாக வந்தபோது சனிக்கிழமை சம்பளம் போட்டதும் செட்டு சேர்ந்து ஒரு கட்டிங். பிறகு தினமும் சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர். அப்புறம் இரண்டு. நம் ஊர் வீடுகளில் "ஒரு குவாட்டர்தானே" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். 10 கிராமை ஒரு அளவு என்று மருத்துவத்தில் வைத்துக்கொண்டால் ஒரு குவாட்டரில் ஆறு அளவு இருக்கிறது. இவர் தினமும் 12 அளவு குடித்துக்கொண்டிருந்தார்.

டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. கொத்தனாருக்கு வேலை ஒன்பதுக்கெல்லாம் தொடங்கிவிடும். தூக்குக்குண்டு நூலைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நின்றால் காற்றே இல்லாமல் குண்டு ஆடியது, இவர் கை ஆடியதால். அதை நிறுத்த காலையில் ஒரு கட்டிங் தேவைப்பட்டது. முதல் நாள் ராத்திரியே வாங்கி மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைப்பார், இல்லாவிட்டால் பிளாக்கில் கூடுதல் விலைக்கு வாங்குவார். காலையில் கை நிற்பதற்காகக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் விஷயம் பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் இதைக் கொழுப்பு என்றுதான் சொன்னார்கள்.

மனைவி என்னிடம் வந்ததற்கு முந்தின வருடம், கார்த்திகை முதல் தேதி, கொத்தனார் சாமிக்கு மாலை போட்டார். ஒரே நாளில் மொத்தமாக நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அன்று ராத்திரியே வியர்வை, வாந்தி, நடுக்கம். மறுநாள் குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு காற்றில் கரண்டி பிடித்துப் பூசுவதுபோல் கையை அசைத்தார், அங்கே இல்லாத ஆளிடம் "கலவையை எடுத்தாடா" என்று சத்தம் போட்டார். சாமி குத்தம் என்று ஊரில் முடிவு பண்ணினார்கள். மாலையைக் கழற்றினார்கள். நடுக்கம் தாங்காமல் அவருடைய அம்மா எங்கேயோ அலைந்து ஒரு குவாட்டர் வாங்கிவந்து ஊற்றினார், கொஞ்ச நேரத்தில் கை நின்றது, ஆள் தூங்கிவிட்டார்.

நடந்ததற்கு மருத்துவத்தில் நேரக்கணக்கு உண்டு. வருடக்கணக்கில் தினமும் மது மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருந்தால் மூளையும் அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்தால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசி மடக்குக்குப் பின் ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறிப் பிதற்றல். இந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தொழில் செய்வதுபோலக் கை அசைவது அதில் வழக்கமாகப் பார்க்கிற ஒன்று. தையல்காரர் தைப்பார், டிரைவர் ஸ்டியரிங் பிடிப்பார். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பிரிவுக்கு இப்படி வேட்டியும் துண்டுமாகத் தூக்கிவரப்படுகிறவர்கள் புதிதல்ல. விரதத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தோடு நிறுத்திக்கொண்டு அப்புறம் போடலாம் என்பதைக் குருசாமிகளே சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த ஒரு குவாட்டர் அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்தான் பின்னால் பெரிய சிக்கலானது: குடிக்காவிட்டால் மகன் செத்துப்போவான்.

வீடு ஏற்கெனவே செய்து பார்த்தவை

அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம். சில நாள் நின்றது, மீறியதும் சாமிக்குப் பயந்தே இன்னும் கூடக் குடித்தார். மச்சான், அதாவது அக்காவின் தம்பி, ஒருமுறை கைவைத்துவிட்டார். அதோடு இருவருக்கும் இடையே போக்குவரத்து நின்றது. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்று விளம்பரம் பார்த்து அக்கா ஒரு பொடி வாங்கிக் குழம்பில் கலந்திருக்கிறார்.

இந்தப் பொடி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். டைசல்பிராம் மாத்திரையை நுணுக்கிக் கலக்கிற வீடுகளும் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிக்கிற வலி, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை செய்துகொண்டு சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குப் பக்கத்தில் வருகிறது. கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிடவே யோசிப்பார்; இந்த வீட்டில் அதுதான் நடந்தது.

கடைசியாக ஒரு மறுவாழ்வு மையம். போனில் பேசியவர், ராத்திரி வண்டி அனுப்புகிறோம், நாலு பேர் வந்து தூக்கிக்கொள்வார்கள், மூன்று மாதம் பார்க்க வர வேண்டாம், பணம் முன்கூட்டியே என்றாராம். அக்கா நகையை அடகு வைக்கிற யோசனையில் இருந்தார். நான் சொன்னது இதுதான்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 குடிநோய்க்கும் பொருந்தும். தானே விரும்பிச் சேருவதுதான் பொது வழி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை இருந்து, வீட்டார் சார்பில் விண்ணப்பித்து, மருத்துவர்கள் பார்த்துச் சான்று தந்தால்தான் மற்ற வகைச் சேர்க்கை, அதுவும் முதலில் முப்பது நாள் வரைதான். சங்கிலியில் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டு ஓட முடியாமல் 28 பேர் தீயில் செத்த மாநிலம் நம்முடையது, இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மையமாக இருந்தாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், நோயாளியைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கேட்டதும் கோபப்பட்டால் போனை வைத்துவிடலாம்.

ஒரு சனிக்கிழமையை எழுதிப் பார்த்தது

நாங்கள் பின்பற்றிய முறைக்கு கிராஃப்ட் என்று பெயர். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. சிகிச்சைக்கு வர மறுப்பவரை விட்டுவிட்டு அவருடைய வீட்டாருக்குப் பயிற்சி கொடுப்பது. 1999இல் வெளியான ஆய்வில் 130 குடும்பத்தினரை மூன்று வழியில் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து ஆளை நேருக்கு நேர் மடக்கிக் கேட்கிற வழியில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், குடிப்பவர்களின் வீட்டார் தங்களுக்குள் கூடிப் பேசுகிற அல்-அனான் குழு வழியில் 13, கிராஃப்ட் வழியில் 64. அல்-அனானைக் குறைத்துச் சொல்லவில்லை, அது வீட்டாரின் சொந்த நிம்மதிக்காக ஏற்பட்டது, ஆளைக் கூட்டிவருவது அதன் நோக்கமே இல்லை.

முதல் வேலை, சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலை வரை நடப்பதை ஒன்று விடாமல் சொல்வது. ஐந்து மணிக்குச் சம்பளம். காண்ட்ராக்டர் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதே பாரில் வைத்துத்தான். எட்டரைக்கு போன் சுவிட்ச் ஆஃப். அக்கா வாசலிலேயே நிற்பார். பத்து மணிக்கு வருவார், வாசலிலேயே ஆரம்பிக்கும். எவ்வளவு மிச்சம், யாரோட போன, பிள்ளைகளை நினைச்சியா. மாமியார் குறுக்கே வருவார். தட்டு பறக்கும். பிள்ளைகள் இரண்டும் தூங்குவதுபோல் படுத்திருக்கும். வாந்தியைக் கழுவி, கைலி மாற்றி, படுக்க வைத்து அக்கா படுக்கும்போது பன்னிரண்டு. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கொத்தனார் எழுந்து, தன் பாயைத் தானே சுருட்டிவைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் வந்து நிற்பார். அக்கா டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். எட்டு மணிக்கு மேல் நடுக்கம் கூடும், மாட்டுக்கொட்டகைப் பக்கம் போவார்.

எழுதிய தாளைத் திருப்பி அவரிடமே காட்டினேன். ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அவரோடு பேசுகிறார்கள், அழுகிறார்கள், கழுவிவிடுகிறார்கள். அந்த நேரம் அவருக்கு ஒன்றும் மண்டையில் ஏறாது, மறுநாள் பாதி ஞாபகமும் இருக்காது. காலை ஆறிலிருந்து எட்டு வரை தெளிவாக இருக்கிறார், பாயைச் சுருட்டி வைக்கிறார், யாரும் பேசுவதில்லை. இந்த வீட்டின் உழைப்பு முழுக்கக் குடித்த நேரத்துக்குப் போகிறது, குடிக்காத நேரத்துக்கு மிச்சமே இல்லை.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரியெல்லாம் அவர்ட்ட பேச்சு வாங்கிட்டு, காலையில நான் சிரிச்சுக்கிட்டே காபி குடுக்கணுமா சார்?" நியாயமான கேள்வி. இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடமும் அதுதான், ஏற்கெனவே சுமக்கிறவர் தலையில்தான் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறது. சிரிக்க வேண்டாம், நடிக்கவும் வேண்டாம், உங்களால்தான் அவர் குடிக்கிறார் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை, வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னேன். ராத்திரி பேசுவதை அப்படியே காலைக்குத் தள்ளினால் போதும், அதிலும் குடியைப் பற்றி இல்லாமல்.

மாற்றியது என்னென்ன

அடி விழுகிறதா என்பதைத் தனியாகக் கேட்டேன். இதைக் கேட்காமல் இந்த முறையை ஆரம்பிக்கவே கூடாது. அந்த வருடத்தில் கைநீட்டியது உண்டு. அதனால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், இரண்டு செட் துணி எல்லாம் ஒரு பையில் போட்டுப் பக்கத்துத் தெருவில் தம்பி வீட்டில் வைத்தார். சத்தம் ஓங்கினால் பதில் சொல்லாமல் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவது. 181 எண்ணை மூத்த பெண் மனப்பாடம் செய்துகொண்டாள். கத்தி, அரிவாள் என்று போகிற வீடாக இருந்திருந்தால் நான் காபியைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம்தான் முதலில் அனுப்பியிருப்பேன்.

காலையில் அவர் காபி குடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்தார். தகரக் கொட்டகை ஒழுகுவது, ஆடு குட்டி போட்டது, சின்னவன் கணக்கில் வாங்கிய மார்க். முதல் சில நாள் கொத்தனாருக்கே சந்தேகம், என்ன காரியம் ஆகணும் என்று கேட்டாராம். ஒரு வியாழக்கிழமை அவர் நிதானமாக வீட்டுக்கு வந்தபோது "வாங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் பருத்திப்பால் குடிச்சிட்டு வருவோம்" என்று அக்கா கிளம்பினார். "நீங்க இப்படி வந்தா எனக்கு நல்லா இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார், அது அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம், நாக்கு நுனிவரை வேறு வாக்கியம் வந்ததாம்.

திங்கட்கிழமை காண்ட்ராக்டர் போன் செய்தால் "காய்ச்சல்" என்று சொல்வதை விட்டார். போனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். பெட்டிக்கடைப் பாக்கியை அடைப்பதில்லை. வாந்தி எடுத்துக் கிடந்தால் மூச்சு அடைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அப்படியே விட்டார். பாயைக் காலையில் அவரே கழுவினார். உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது வேறு, நடந்ததற்கான தடயத்தையே அழித்துவிடுவது வேறு. அக்கா பல வருடமாக இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார்.

மாமியாரையும் ஒரு நாள் கூட்டிவரச் சொன்னேன். முதியோர் பென்ஷன் 1,200 ரூபாயிலிருந்து காலை கட்டிங்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்தான். மருமகளுக்கு அந்த ஆத்திரம் தீரவே இல்லை. "நடுங்கிக்கிட்டுக் கெடக்குற புள்ளைக்கு ஊத்தாம என்ன செய்யச் சொல்ற தம்பி? நீயா வந்து பாத்த?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் பயந்தது சரிதான் அம்மா என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. வலிப்பு வந்த மகனைப் பார்த்தவர், குடியை வெடுக்கென்று நிறுத்தினால் ஆபத்து என்று அவர் கண்டுபிடித்தது உண்மைதான், அதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதனால் பணத்தை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. கொடுப்பதைக் கூட்ட வேண்டாம், மருமகளுக்குத் தெரிந்து கொடுங்கள், வலிப்போ பிதற்றலோ காய்ச்சலோ வந்தால் ஊற்றாமல் 108க்கு போன் பண்ணுங்கள் என்று சொன்னேன். மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் பேசிக்கொண்டே போனார்களாம், அது இந்த ஆய்வில் நான் திட்டமிடாத நன்மை. அந்த வருடக் கார்த்திகையில் மாலைப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தாய்மாமன் மடி

தை மாதம் கொத்தனாரின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்கு மரியாதையாக இருக்க வேண்டும் என்று காலையில் ஒன்றும் குடிக்காமல் போயிருக்கிறார், அதனாலேயே நடுக்கம் கூடுதல். மடியில் பிள்ளையின் தலை ஆடியது. ஆசாரி ஊசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு மெதுவாக, "வேற யாரும் பிடிச்சுக்கிறீங்களா" என்று கேட்டார். பிள்ளையைச் சின்ன மாமன் மடிக்கு மாற்றினார்கள். சீர்த்தட்டெல்லாம் இவர் கொண்டுவந்தது, மடி வேறு ஆளுடையது. அன்று ராத்திரி வழக்கத்தைவிட அதிகம் குடித்தார். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவராகவே, "நேத்து எல்லாரும் பாத்துட்டாய்ங்க" என்றார். இந்த மாதிரி ஒரு வாசல் எப்போதாவது திறக்கும், அப்போது சொல்ல வேண்டியதை அக்காவோடு முன்பே பலமுறை பேசி வைத்திருந்தோம். குடியை விடு என்று இல்லை. சத்தியம் கேட்பதும் இல்லை. அக்கா சொன்னது: "நடுக்கத்துக்கு மருந்து இருக்காம்ங்க. பெரியாஸ்பத்திரியில பாக்குறாங்களாம், வேற இடத்துலயும் பாக்குறாங்களாம். ஒரு தடவை போய்க் கேட்டுட்டு மட்டும் வருவோமா?" கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அரை மணி நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினார். நாள் கடந்தால் மனசு மாறும் என்பதால், எப்போது வந்தாலும் அன்றைக்கே பார்ப்பதாக நாங்களும் சொல்லி வைத்திருந்தோம். இந்த ஏற்பாடு இல்லாமல் "அடுத்த செவ்வாய் வாங்க" என்று சொல்லியிருந்தால் மனைவி செய்த அத்தனையும் வீண்.

வார்டிலும் வெளியிலும்

மருத்துவப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கத்துக்கும் வலிப்பு வராமல் இருக்கவும் குளோர்டயசெப்பாக்சைடு கொடுத்து ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்தார்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி முதல் நாளே. நம் ஊரில் ஆள் சோர்ந்து கிடந்தால் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்வார்கள். வருடக்கணக்கில் குடித்தவருக்கு உடம்பில் தயமின் வறண்டிருக்கும், அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். டாக்டரிடம் "இவர் தினமும் குடிக்கிறவர்" என்று வீட்டார் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், கௌரவம் பார்க்கக் கூடாது.

கல்லீரல் பரிசோதனை முடிவு சரியில்லாததால் டைசல்பிராம் வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரை. அது கல்லீரலைச் சார்ந்தில்லை, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, குடிக்க வேண்டும் என்ற அரிப்பைக் குறைக்கிறது. 333 மில்லிகிராமில் இரண்டிரண்டாக மூன்று வேளை. மதிய வேளை மாத்திரை சைட்டில் மறந்துபோகும் என்று அவரே டிபன் தூக்கின் மூடியில் ஒட்டிவைக்கச் சொன்னார். மாத்திரையை எண்ணிப் பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, வாயை மோந்து பார்ப்பது மூன்றும் வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னோம். மூன்றாவதைத்தான் அவரால் விட முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினோம். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் கேட்கிறேன் என்றது கொத்தனார்தான், நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. காண்ட்ராக்டர் முதலில் முனகினார், பாரில் வைத்துக் கூலி பிரிப்பது எத்தனை வீட்டைக் கெடுக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமை நாலு மணிக்கே அக்கா ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பது, சேர்ந்து காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று சில வாரம் நடந்தது. அப்புறம் அவரே நேராக வந்தார்.

சித்திரைத் திருவிழாவில் வழுக்கினார். எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போன இடத்தில் பழைய செட்டு, ராத்திரி முழுக்க முழித்திருப்பது, இரண்டு நாள் குடித்துவிட்டார். ஒரு முறை வழுக்கினால் எல்லாம் போச்சு என்று வீட்டில் நினைப்பதுதான் பெரும்பாலும் இரண்டு நாளை இரண்டு மாதமாக ஆக்குகிறது. இந்த முறை அக்கா ராத்திரி பேசவில்லை, காலையில் "கிளம்புங்க, டாக்டரைப் பாப்போம்" என்றார், அவ்வளவுதான். வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதை அவருடைய அம்மாதான் தடுத்தார்: "போன தடவ விழுந்தது பத்தாதா?" அந்தக் கிழவி சொன்னது மருத்துவப்படியும் சரி. நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வலிப்பு, பிதற்றல் வரும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும்.

இப்போது ஆவணி. சித்திரைக்குப் பின் குடிக்கவில்லை. பூச்சு வேலைக்குத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், கை முழுசாக நிற்கவில்லை, உள்சுவர் மட்டும் கொடுக்கிறார்கள். குழுக் கடனில் வாரத் தவணை இன்னும் ஓடுகிறது. மச்சான் வீட்டோடு பேச்சு வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கிற மூத்த பெண் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை; பேசச் சொல்லி யாரும் அவளை நெருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், அவள் தனியாக எங்கள் பிரிவுக்கு வந்து போகிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எவ்வளவு நாள் இப்படிப் பொறுத்துப்போவது என்று. கிராஃப்ட் முறையில் வீட்டாரோடு ஒரு பன்னிரண்டு அமர்வு வரை பேசுவோம், வருகிறவர்கள் பெரும்பாலும் அதில் பாதி முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். அதற்கும் வரவில்லை என்றால் பேச்சு மாறும்: அக்கா எங்கே இருப்பது, வருமானத்துக்கு என்ன, பிள்ளைகள் படிப்பு எப்படி. பிரிந்து போவதாக முடிவெடுத்திருந்தால் அதற்கும் அவரோடு உட்கார்ந்து திட்டம் போட்டிருப்போம், முதல் அமர்விலேயே இதைச் சொல்லிவிட்டேன். போனில் கேட்க வேண்டுமென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலிமனாஸ் 14416, இரண்டும் இலவசம். தமிழில் பேசலாம். போன் பண்ணியதும் குடிக்கிறவருக்கு எத்தனை குவாட்டர், காலையில் குடிக்கிறாரா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வீட்டில் அடி உண்டா, இந்த நாலையும் முதலில் சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.